அப்பாவுக்கு மாதம் 3000 ரூபாய்: மாப்பிள்ளைக்கு என்ன பதில் சொல்ல?

ஜெராக்ஸ் கடைக்காரன், பெரம்பூர்

போன ஞாயிறு மதியம் வீட்டில் ஒரு பேச்சு. சண்டை என்று சொல்ல முடியாது, கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டே நடந்ததுதான். ஆனால் மூன்று நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதனால் இங்கே போடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா தவில்காரர். வயது 74. செய்யாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்து, வியாசர்பாடி, பெரம்பூர், அயனாவரம் என்று கோயிலும் கல்யாணமுமாக முப்பத்தைந்து வருஷம் வாசித்தவர். இப்போது தோள் இறங்கிவிட்டது, வாசிப்பு இல்லை. நலிந்த கலைஞர்களுக்கு அரசு தரும் நிதியுதவி மாதம் 3000 ரூபாய் அவர் கணக்கில் வருகிறது. வெற்றிலை பாக்கு, தைலம், பேத்திக்கு ஏதாவது என்று பத்தாம் தேதிக்குள் தீர்ந்துவிடும். பணம் வந்தது போனிலேயே தெரிந்தாலும், வங்கிக்குப் போய் பாஸ்புக்கில் பதிவு போட்டுக்கொண்டுதான் வருவார். அந்த ஒரு வரியை என்னிடம் காட்டுவார். நானும் மாசாமாசம் புதுசாகப் பார்ப்பதுபோலப் பார்ப்பேன்.

தங்கை வீட்டுக்காரர் ஓஎம்ஆரில் வேலை பார்க்கிறார். நல்ல மனுஷர். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது இரண்டு ராத்திரி கூட இருந்தவர் அவர்தான். அன்றைக்கு டிவியில் ஏதோ விருது விழா ஓடியது. "மாமாவைச் சொல்லல, பொதுவா கேக்கறேன்" என்று ஆரம்பித்தார். "நான் கட்டற வரியில ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் அரசாங்கம் ஏன் காசு குடுக்கணும்? ஆஸ்பத்திரிக்குக் குடு, ரோட்டுக்குக் குடு. பாட்டு நல்லா இருந்தா ஜனங்க டிக்கெட் வாங்கிப் பாக்கப் போறாங்க. இல்லன்னா போகட்டும்." அப்பா ஒன்றும் பேசவில்லை. ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சாதம் கேட்டார்.

எனக்கும் பதில் வரவில்லை. காரணம், பாதி நான் மாப்பிள்ளை பக்கம்.

பதினாறு வருஷமாக ஒரு கல்லூரியை ஒட்டிக் கடை போட்டிருக்கிறேன். ஜெராக்ஸ், தமிழ் டைப்பிங், பைண்டிங். தமிழ், வரலாறு ஆய்வேடுகள்தான் என் சோறு. 'சங்க இலக்கியத்தில்' என்று தலைப்பு தொடங்கும், அடுத்த வார்த்தை மட்டும் மாறும்: விருந்தோம்பல், நீர் மேலாண்மை, மனித உரிமை. முன்னுரை அதே முன்னுரை. 2014ல் ஒரு ஆய்வேட்டில் 'ஆய்வாளர்' என்பதை 'ஆய்வளார்' என்று தப்பாக அடித்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை, பட்டமும் வந்துவிட்டது. அந்த 'ஆய்வளார்' அதற்குப் பிறகு வேறு வேறு பேர் கொண்டுவந்த நாலு ஆய்வேட்டில், அதே பக்கத்தில், அதே வரியில் வந்து உட்கார்ந்திருந்தார். அவர்களில் யாராவது யுஜிசி தரும் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கியவராக இருந்தால் மாதம் 37,000 ரூபாய். அப்பாவுக்கு 3000. இந்தக் கணக்கு எனக்கு எங்கேயோ உதைக்கிறது.

இன்னொன்று. சில வருஷத்துக்கு முன் ஒரு அரசு விழாவில் வாசிக்க அப்பா குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். எந்த விழா என்று சொல்ல மாட்டேன். மூன்று மணிக்கு வரச் சொன்னார்கள். ஏழரைக்கு மேடை. வாசித்தது ஏழு நிமிஷம், அதில் இரண்டு நிமிஷம் முக்கிய விருந்தினர் உள்ளே வரும்போது. தவிலுக்கு விரலில் போடும் கூடு எப்படிச் செய்வார்கள் தெரியுமா? துணி நாடாவை மாவுப் பசையில் முக்கி விரல் விரலாகச் சுற்றி, காயவிட்டு, கல் மாதிரி ஆக்குவார்கள். முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து அப்பா புதுக் கூடு கட்டிக்கொண்டு போனார், ஏழு நிமிஷத்துக்கு. குழுவுக்கான பணம் எட்டு மாசம் கழித்து வந்தது. மேடைக்குப் பின்னால் தொங்கிய ஃபிளெக்ஸ் சதுர அடி என்ன விலை என்று எனக்குத் தெரியும், பக்கத்துத் தொழில். எட்டுப் பேருக்குக் கொடுத்ததைவிட அந்த ஃபிளெக்ஸ் அதிகம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். அரசு கலைக்கும், தமிழ், வரலாறு மாதிரிப் படிப்புகளுக்கும் பணம் கொடுக்க வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்றால் எதற்கு, யாருக்கு? அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை மறுபடி வருகிறார். 'கலை ஒரு சமூகத்தின் உயிர்மூச்சு' மாதிரி பதில் மட்டும் போடாதீர்கள். அதை வாரம் நாலு அழைப்பிதழில் நானே அடித்துக் கொடுக்கிறேன்.


ஒட்டுத்திண்ணை

நண்பரே, உங்கள் மாப்பிள்ளை தப்பான வழியில் சரியான ஊருக்கு வந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக் கணக்கை விடுங்கள். கலைக்குக் கொடுப்பதை நிறுத்தினால் அந்தக் காசு மருந்தாக மாறப்போவதில்லை, எங்காவது ஒரு அலங்கார வளைவாக மாறும்.

நாங்கள் ஆறு பேர் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுகிறோம். எண்பது நாற்காலி, 200 ரூபாய் டிக்கெட், கைக்காசு போகும். இதுவரை மானியம் கேட்டு ஒரு விண்ணப்பம் போட்டதில்லை, போடுவதாகவும் இல்லை. காசு கொடுக்கிறவர் வசனத்தை வெட்டச் சொல்லவே வேண்டாம், அடுத்த வருஷமும் வேண்டுமே என்று நாமே வெட்டிக்கொள்வோம். இந்த ஊரில் இது கற்பனை பயம் இல்லை. 1954ல் வந்த நாடக நிகழ்ச்சிச் சட்டம் எம்.ஆர். ராதாவின் நாடகங்களை மனதில் வைத்துக் கொண்டுவரப்பட்டது என்பார்கள். அதை வைத்துக்கொண்டு நாடகம் போடுமுன் பிரதியைப் போலீஸிடம் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி வழக்குப் போட்டு, 2013ல்தான் உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்றது. ஒரு கையில் பிரம்பு வைத்திருப்பவர் இன்னொரு கையில் நீட்டும் மிட்டாய் எனக்கு வேண்டாம்.

இன்னொரு விஷயம், நம்மிடம் இருக்கிற நல்லது பலவும் அரசுக் காசு இல்லாமல் வந்தது. உ.வே.சா. 1887ல் சீவக சிந்தாமணியை எப்படி அச்சிட்டார்? ஊர் ஊராக எழுதி, கையொப்பம் வாங்கி, முன்பணம் சேர்த்து. மார்கழிக் கச்சேரி முழுக்க சபாக்காரர்களும் விளம்பரதாரர்களும் டிக்கெட் வாங்குகிறவர்களும் நடத்துவது. திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கம் பங்குனி சித்திரையில் போய்ப் பாருங்கள். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும், ஊர்க்காரர்கள் தலைக்கட்டு வரி போட்டு நடத்துவார்கள். அதே கூத்து அரசு நிகழ்ச்சிக்கு வந்தால் இருபது நிமிஷம், கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ஹெல்மெட் போடச் சொல்லி அறிவுரை சொல்வான்.

ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடிப் பாடிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்கு வீடும் நெல்லும் கொடுத்தானே என்று யாராவது வருவீர்கள். கொடுத்தான். கல்வெட்டில் யார் புகழ் இருக்கிறது? படியளந்தவன் புகழ்தான்.


ஒற்றுப்பிழை

திண்ணை சார், மெய்ப்புப் பார்ப்பது என் பிழைப்பு, அதனால் மூன்று இடத்தில் திருத்தம் போட்டுவிட்டுத்தான் பேச முடியும்.

ஒன்று, கடைசியிலிருந்து. தஞ்சாவூர்க் கல்வெட்டில் அந்த நானூறு பெண்களின் பெயரும் இருக்கிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் பக்கம்), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எல்லாம். ஆளுக்கு வருஷம் நூறு கலம் நெல். ஆயிரம் வருஷம் கழித்து அந்தப் பெயர்கள் நமக்குத் தெரிவது எப்படி? அன்றைய சென்னை அரசின் சம்பளத்தில் இருந்த கல்வெட்டாய்வாளர் ஹுல்ட்ஸ் படித்து, தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் அரசுச் செலவில் அச்சானதால்.

இரண்டு, உ.வே.சா. கையொப்பம் வாங்கி அச்சிட்டார், உண்மை. ஆனால் அச்சிடும்வரை சுவடியோடு உட்கார்ந்திருந்த வருஷங்களில் அவர் வீட்டில் உலை வைத்தது எந்தக் காசு? 1880ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் மாதம் 50 ரூபாய்ச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். 1903ல் இங்கே மாநிலக் கல்லூரிக்கு வந்தார். புத்தகம் விற்றது ஊர்க்காசு, படித்த நேரம் அரசுக் காசு.

மூன்று, தலைக்கட்டு வரி. பெயரிலேயே இருக்கிறதே சார்! கூத்துப் பிடிக்குமா பிடிக்காதா என்று கேட்டா வாங்குகிறார்கள்? அந்த ஊரில் குடும்பம் நடத்தினால் கொடுத்தாக வேண்டும். அது ஊரளவில் நடக்கிற அரசு மானியம்தான்.

இப்போது அண்ணா, உங்கள் கேள்விக்கு. நான் தினமும் திறப்பது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. அது பிறந்த கதை உங்கள் மாப்பிள்ளைக்குப் பிடிக்காது, அதனாலேயே சொல்லுங்கள். 1913ல் வேலை தொடங்கும்போது போட்ட மதிப்பீடு ஒரு லட்சம் ரூபாய். சாண்ட்லர் என்கிற பாதிரியார் முதல் பதிப்பாசிரியர். ஆள் மாறி ஆள் மாறி, 1926ல் வையாபுரிப் பிள்ளை பொறுப்புக்கு வந்து, ஆறு தொகுதியும் முடிந்தபோது 1936. பிறகு அனுபந்தம் வேறு, 1939. செலவு நாலு லட்சத்தைத் தாண்டிவிட்டது. மதிப்பீட்டைப்போல நாலு மடங்கு, கால் நூற்றாண்டு இழுபறி. இன்றைக்கு என்றால் டிவியில் நாலு பேர் உட்கார்ந்து ஊழல் என்று கத்தியிருப்பார்கள். அதற்கு முன்னால் நம்மிடம் இருந்த பெரிய அகராதி வின்ஸ்லோவுடையது, 1862ல் வந்தது, 68,000 சொல்லுக்குக் கிட்டத்தட்ட. பேரகராதியில் ஒரு லட்சத்து நாலாயிரத்துக்கு மேல். எந்தப் பதிப்பாளர் இருபத்துமூன்று வருஷம் சம்பளம் போட்டுக் காத்திருப்பார்? போனவாரம் ஒரு கையெழுத்துப் பிரதியில் 'தொப்பி' என்று வந்தது, தலையில் போடுவதாகப் பொருள் வரவில்லை, குழம்பினேன். அகராதியில் பார்த்தால் மத்தளத்தின் இடப்பக்கம் என்றும் பொருள் இருக்கிறது. தவில்காரர் மகனுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

'ஆய்வளார்' விஷயத்தில் எனக்கும் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. நீங்கள் சொல்வது உண்மை. பதவி உயர்வுக்குப் பட்டம் வேண்டும் என்று விதி வைத்தால் பட்டம்தான் உற்பத்தியாகும். ஆனால் உங்கள் கடைக்கு வராத ஆட்களும் இருக்கிறார்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் மின்தூக்கி ஏறிப் போனால் அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது, 1869ல் தொடங்கியது, முன்பு சேப்பாக்கத்தில் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்தது. அங்கே ஓலைகளைத் தூரிகையால் தூசி தட்டி, புல் தைலம் தடவி, எழுத்து மங்கியிருந்தால் கரி பூசித் துடைத்து வைக்கிற வேலை நடக்கும். ஓலைக்கு எண்ணெய் போடுவதை யார் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள் என்று மாப்பிள்ளையைக் கேளுங்கள்.

அரசு எடுக்காவிட்டால் வேறு யாராவது எடுப்பார்கள் என்பதும் சில நேரம் நடக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தன் சொந்தக் காசில், பழைய புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைவரை சேர்த்து வைத்தார். அவர் போன பிறகு அந்தச் சேகரிப்பை வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். நல்லவேளை, கப்பலேற்றாமல் 1994ல் சென்னையிலேயே நூலகமாக வைத்தார்கள். இன்று தரமணியில் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் சிகாகோவிலிருந்து ஆள் வருமா?


கணக்குப்பிள்ளை 600011

ஒரு சின்னத் தகவல், அப்புறம் போய்விடுகிறேன். அமெரிக்காவிலும் இதே சண்டைதான். கலைக்கு ஒன்று, மொழி வரலாறு தத்துவத்துக்கு ஒன்று என்று இரண்டு தேசிய நிதியங்களை 1965ல் ஜான்சன் கையெழுத்துப் போட்டுத் தொடங்கினார். சமீப வருஷங்களில் ஒவ்வொன்றுக்கும் 20 கோடி டாலர் சொச்சம். அந்த ஊர் ஜனத்தொகைக்கு வகுத்தால் தலைக்கு ஒரு டாலர்கூட வராது. அந்தக் காசுக்கே அத்தனை கூச்சல். 2025 ஏப்ரலில் இரண்டாவது நிதியம் ஏற்கெனவே கொடுத்திருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மானியங்களைப் பாதியில் நிறுத்தினார்கள். திண்ணை சார் சொல்கிற கை இதுதான்: கொடுக்கவும் தெரியும், பிடுங்கவும் தெரியும்.

பெரம்பூர் அண்ணன் வீட்டுச் சொத்து வரியை எடுத்துப் பாருங்கள். ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரி அதில் இருக்கும். 1948ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தால் வந்தது. நூலகத் துறை அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன் மாதிரி ஆட்கள் வருஷக்கணக்கில் கேட்டு வாங்கியது. வருஷாவருஷம் பட்ஜெட்டில் யாரிடமும் கை ஏந்தாமல் இருக்க, தனி வரியாகவே போட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை சொந்த ஃபிளாட் வைத்திருந்தால் அவரும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.


நாயனம்

தம்பி, நான் மாவட்ட அரசு இசைப்பள்ளி ஒன்றில் நாதஸ்வர ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது மகன் வீட்டில், மாதவரத்தில். நீங்கள் தவில்காரர் பிள்ளை என்பதால் இவ்வளவு எழுதுகிறேன், போனில் தட்டத் தட்டக் கண் வலிக்கிறது.

மாநிலத்தில் 17 மாவட்ட இசைப்பள்ளிகள். குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம். மூன்று வருஷம். கட்டணம் ஒரு ஜோடி நல்ல செருப்பு விலைகூட வராது. என்னிடம் படித்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் நாதஸ்வரத்தை அதற்கு முன் யாரும் தொட்டது கிடையாது. கொத்தனார் மகள் ஒருத்தி வந்தாள். மூச்சுப் பிடிக்க முதல் மூன்று மாசம் நாதஸ்வரத்தின் ஊது முனையான சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதவிடுவேன், சத்தம் வாத்து மாதிரி இருக்கும், மற்றப் பிள்ளைகள் சிரிக்கும். இரண்டாம் வருஷம் அவள் கரகரப்ரியா ராகம் ஊதும்போது மாடியில் பரத வகுப்பை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்கள். டிக்கெட் கணக்குப் பார்த்தால் அந்த முதல் மூன்று மாசத்துக்கு யார் காசு கொடுப்பார்?

ஆனால் தம்பி, உங்கள் மாப்பிள்ளைக்கு நான் வேறு ஒன்றைச் சொல்வேன். அரசு பன்னிரண்டு வயதில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறது. அறுபதுக்குமேல் உங்கள் அப்பா மாதிரி ஆளுக்கு உதவித்தொகை கொடுக்கிறது. நடுவில் இருக்கிற நாற்பது வருஷம்? பெரிய கோயிலில் வேலை கிடைத்தால் கோயில் வருமானத்தில் சம்பளம், நல்லது. கிடைக்காதவன்? கல்யாணத்துக்குச் செண்டை மேளம் வந்துவிட்டது. தாலி கட்டும்போது கெட்டிமேளம் ரெக்கார்டு. சின்னக் கோயிலில் தீபாராதனைக்கு மோட்டார் வைத்த கரண்ட் மேளம், சுவிட்சைப் போட்டால் டமடமவென்று மணியோடு சேர்த்து அடிக்கும். நான் வாத்தியார், சொல்லக் கூடாது, அந்த மிஷின் தாளம் தப்புவதும் இல்லை, தட்சிணை கேட்பதும் இல்லை. என்னிடம் படித்த தவில் பையன் ஒருவன் இப்போது சாப்பாடு டெலிவரி செய்கிறான். பார்த்தால் வண்டியை நிறுத்திக் காலில் விழுவான். எனக்குத்தான் முகம் கொடுக்க முடியாது.

அப்பா எந்தப் பாணி? யாரிடம் படித்தார்?


ஜெராக்ஸ் கடைக்காரன், பெரம்பூர்

எல்லாருக்கும் நன்றி. ஐயா, அப்பா அவருடைய தாய்மாமனிடம் படித்தவர், பாணி கேட்டால் 'சோத்துப் பாணி' என்பார். உங்கள் பதிலை அவருக்குப் படித்துக் காட்டினேன். கரண்ட் மேளம் வந்த இடத்தில் இருமல் வரும்வரை சிரித்தார். முதல் தடவை அதைப் பார்த்த கோயிலில், இவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே குருக்கள் பழக்கதோஷத்தில் சுவிட்சைப் போட்டுவிட்டாராம். இரண்டு பேரும் சேர்ந்து வாசித்தோம் என்றார்.

ஞாயிறு முடிந்தது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நான் எனக்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொண்டேன். அப்பாவுக்கு வரும் 3000 கலைக்குக் கொடுப்பது இல்லை. அதனால் ஒரு கச்சேரி கூடப் போவதுமில்லை, ஒரு பையன் தவில் கற்றுக்கொள்ளப் போவதுமில்லை. முப்பத்தைந்து வருஷம் பிஎஃப் இல்லாமல், போனஸ் இல்லாமல் வேலை பார்த்த ஒரு மனுஷனுக்குத் தாமதமாகக் கொடுக்கும் சம்பளப் பாக்கி. மாப்பிள்ளைக்கு ஓய்வூதியக் கணக்கு இருக்கிறது, அப்பாவுக்கு இது இருக்கிறது. இதைச் சொன்னதும் மாப்பிள்ளை உடனே ஒத்துக்கொண்டார், அவருக்கு அந்தப் பேச்சு முடிந்ததே நிம்மதி. இவ்வளவு நாள் நான் இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் மிச்சம். டிக்கெட் போட்டால் விற்கும் என்றால் அரசு ஒதுங்கிக்கொள்ளலாம், சினிமாவுக்கும் விருது விழாவுக்கும் என் காசு வேண்டாம், அந்த ஃபிளெக்ஸுக்கு நிச்சயமாக வேண்டாம். டிக்கெட் போடவே முடியாத வேலைக்குக் கொடுக்கட்டும். வாத்து மாதிரி ஊதுகிற மூன்று மாசத்துக்கு, ஓலைக்குப் போடும் எண்ணெய்க்கு, இருபத்துமூன்று வருஷம் இழுத்த அகராதிக்கு. இதைச் சொன்னபோது மாப்பிள்ளை கேட்டது: "சரி மச்சான், எந்த ஓலைக்கு எண்ணெய் போடணும்னு யார் முடிவு பண்றது? அதே ஆய்வளார்தானே?" நல்ல கேள்வி. கறி ஆறிவிடும் என்று தங்கை அதட்டியதால் தப்பித்தேன்.

ஐயா சொன்ன அந்த நடு நாற்பது வருஷத்துக்கு எங்கள் இரண்டு பேரிடமும் பதில் இல்லை. அப்பாவிடம் படித்த இரண்டு பேரில் ஒருவர் திருத்தணிப் பக்கம் ஒரு கோயிலில் இருக்கிறார். இன்னொருவர் என் கடையில்தான் பைண்டிங் போடுகிறார். கை வேகம் அப்படி. ஆய்வேட்டு மூட்டையைத் தட்டி அடுக்கும்போது தாளத்தில்தான் தட்டுவார், பசங்க வெளியே நின்று கேட்பார்கள்.


ஒட்டுத்திண்ணை

தலைக்கட்டு வரி விஷயத்தில் மாட்டிக்கொண்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வரியைப் போட்ட ஊர்ப் பெரியவர் விடிய விடிய முன்வரிசையில் உட்கார்ந்து கூத்தைப் பார்ப்பார், ஆட்டம் சரியில்லை என்றால் அங்கேயே சத்தம் போடுவார். கோப்பில் கையெழுத்துப் போடுகிற எந்த அதிகாரி ராத்திரி ரெண்டு மணிக்கு முழித்திருக்கிறார்? மாப்பிள்ளையின் கேள்வியும் இதுதான். அவரை ஒருநாள் நாடகத்துக்கு அனுப்புங்கள், அவருக்கு டிக்கெட் இலவசம். மானியம் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.


ஒற்றுப்பிழை

அண்ணா, என்னிடம் இருக்கிற பேரகராதியின் மூன்றாம் தொகுதி முதுகு விட்டுப்போய்த் தாள் தாளாக வருகிறது. பழைய பதிப்பு, தாள் முறுகியிருக்கிறது. உங்கள் கடையில் எடுப்பீர்களா? அந்தத் தவில் மாணவரே போட்டால் நல்லது.


ஜெராக்ஸ் கடைக்காரன், பெரம்பூர்

கொண்டுவாருங்கள் தங்கச்சி. தாள் முறுகியிருந்தால் முதுகில் பசை ஒட்டும் கம்மிங் வேண்டாம், தைத்துத்தான் போட வேண்டும், நாலு நாள் ஆகும். காலிகோ துணி அட்டை, 350 ரூபாய். முதுகில் தங்க எழுத்து போடுவதானால் என்ன போட வேண்டும் என்று நீங்களே தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். என்னை அடிக்கச் சொன்னால் 'அகாரதி' என்று வந்துவிடும், அப்புறம் நாலு பேர் அதைப் பார்த்து எழுதுவார்கள்.